அறுபத்து நான்கு பேர், அறுபத்து நான்கு நாற்காலிகள்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் தினமும் மாலை நான்கரை மணிக்கு நாற்காலிகளை எண்ணுவார்கள். எண்ணுபவர் ஸ்டோர்கீப்பர். காதில் பென்சில், கக்கத்தில் நீளப் பதிவேடு. பிரிவு பிரிவாக வந்து ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் உள்ள எண்ணைத் தொட்டுப் பார்ப்பார். ஆள் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார். பின்னால் குனிந்து பார்த்துக்கொள்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். பிறகு பழகிவிடும்.

ஸ்டோர்கீப்பர் என் சித்தப்பா. இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும். வீட்டில் என்னைக் 'குட்டி' என்பார். அலுவலகத்தில் 'நீங்க' என்பார். இரண்டும் ஒரே பேருந்தில்தான் மாறும். பாலம் வரை, "குட்டி, ஜன்னலை மூடு." பாலம் தாண்டியதும், "ஜன்னலை மூடுறீங்களா?" நானும் பாலத்துக்கு அந்தப் பக்கம் 'சார்' என்பேன்.

நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். வேதியியல் படித்தவள். ஐந்து தொட்டிகளிலிருந்து பாட்டிலில் தண்ணீர் வரும். குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். குளோரின் பேசாது. நாமும் அதனுடன் பேச வேண்டியதில்லை. அதனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அப்படி இருந்தவளைக் குழுவில் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு நகராட்சியிலும் எல்லாவிதமான மனிதர்களும் வேறுபாடில்லாமல் வேலை செய்ய வழி செய்யும் குழு ஒன்று இருக்க வேண்டுமாம். பெயர் நீளமாக இருந்ததால் நாங்கள் உள்ளடக்கக் குழு என்று சுருக்கிக்கொண்டோம். தலைவர் ஆணையர். உறுப்பினர்கள் மேலாளர் அம்மாவும் சித்தப்பாவும். பேனர் கட்டும் கயிறு சித்தப்பாவிடம் இருந்ததால் அவர் இல்லாமல் குழு நடக்காது. "செயலாளர் யாரு?" என்று ஆணையர் கேட்டபோது எல்லோரும் தங்களுக்கு வேலை இருப்பதாகச் சொன்னார்கள். நானும் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பெயர் எழுதப்பட்டுவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை சான்றிதழ் அக்கா வந்தார்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர். சக்கர நாற்காலியில் வந்தார். வாசலில் சாய்தளம் இருந்தது. அதன் மேல் எட்டு வண்டிகளும் இருந்தன. வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொன்றாக நகர்த்தினார். அக்கா ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். எட்டாவது வண்டிக்குச் சாவி அண்ணனின் சட்டைப்பையிலிருந்து வந்தது.

"இதுக்கு மட்டும் நன்றி கிடையாது அண்ணே," என்றார் அக்கா.

சான்றிதழ் பிரிவில் மேசைக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே எழுபத்தொரு சென்டிமீட்டர் இடம். அக்காவின் சக்கர நாற்காலி அறுபத்து மூன்று. நானே அளந்தேன். தாராளமாகப் போகும். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்தது. புத்தம் புதிய இரும்பு நாற்காலி. முதுகில் 64 என்று எண். அக்காவின் பெயரில் சித்தப்பா ஒதுக்கியது.

"சார், எனக்கு நாற்காலி வேண்டாம். நான் கொண்டுவந்திருக்கேன்," என்றார் அக்கா.

"அது உங்களோடதும்மா. இது ஆபீஸோடது."

"அதான் சார். ஆபீஸோடதை ஆபீஸே வெச்சுக்கட்டும்."

"எங்க வெக்கிறது? அறுபத்து நாலு பேரு, அறுபத்து நாலு நாற்காலி. இதை ஸ்டோருக்குத் திருப்பி எடுத்தா அறுபத்து மூணுதான் நிக்கும். நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்து, 'இந்தம்மாவை நிக்க வெச்சா வேலை வாங்கினீங்க?'ன்னு என்னைக் கேப்பாங்க."

அக்கா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "கேட்டாங்கன்னா எனக்கும் சொல்லுங்க சார். கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. எண்ணிக்கை சம்பந்தப்பட்ட எதற்கும் அவர் சிரிக்க மாட்டார்.

அக்கா நடைபாதையில் உட்கார்ந்து வேலை செய்தார். மடியில் பலகை, பலகையில் பதிவேடு. வருகிற மக்கள் அவரையும் வரிசையில் நிற்பவர் என்றே நினைத்தார்கள். ஒருவர் அக்காவின் தோளைத் தட்டி, "நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க? எனக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

"ஒன்பதே முக்காலுக்கு."

"பாவம். இன்னும் கவனிக்கலையா?"

"இல்லைங்க. நான்தான் கவனிக்கிற ஆளு. படிவத்தைக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. காலியாக இருந்த இரும்பு நாற்காலியைக் கண்ணாடி வழியாகக் காட்டி, "அவங்க வரட்டும்," என்றார்.

மூன்றாம் நாள் நான் துணிந்து அந்த நாற்காலியைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போய்க் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அக்கா மேசைக்குப் போனார். நான்கரைக்குச் சித்தப்பா வந்தார். என் அறையில் ஒரு நாற்காலி கூடுதல். சான்றிதழ் பிரிவில் ஒன்று குறைவு. கூடுதலாக இருந்ததைத் தூக்கிக்கொண்டு போனார். அக்காவிடம், "அம்மா, கொஞ்சம் வெளிய வரீங்களா? உங்க நாற்காலியை உள்ள வைக்கணும்," என்றார். மறுநாள் அந்த இரும்பு நாற்காலியை நடைபாதையில் வைத்துப் பார்த்தோம். மாடிப்படியின் கீழே வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு மாலையும் அறுபத்து நான்கு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். வீட்டு மாடுகூட அவ்வளவு ஒழுங்காகத் திரும்பாது.

இதில் அவசரம் என்னவென்றால், மாற்றலாகி வந்த முப்பது நாளுக்குள் 'இடவசதி உள்ளது' என்று எங்கள் அலுவலகம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அக்காவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது இரண்டு பேருந்து தூரம். இரண்டிலும் மூன்று படிகள்.

"இது எனக்கு மூணாவது ஆபீஸ்," என்று அக்கா ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னார். "முதல் ரெண்டுலயும் யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லல. ரொம்ப மரியாதையா, 'இடவசதி இல்லை, வருந்துகிறோம்'னு எழுதி அனுப்பி வெச்சாங்க. இந்த ஊர்ல படியில்லாத வீடு தேட எனக்கு நாலு மாசம் ஆச்சு. ரெண்டு தெரு தள்ளி. பன்னெண்டு நிமிஷத்துல என் கையாலேயே வந்துடறேன். இதை விட்டா வேலையை விடறதுதான்."

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.

வீட்டிலும் அலுவலகப் பேச்சு கூடாது. அது சித்தப்பாவின் விதி. நாங்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகனான அண்ணன், நான். சாப்பாட்டு மேசைக்கு ஐந்து நாற்காலிகள். கடைக்குட்டி என்பதால் எனக்கு ஸ்டூல். ஸ்டூல் குட்டை. பதினோரு வருடமாக மேசை என் கழுத்துக்கு வரும்.

"ஆறு நாற்காலி செட்டு," என்றார் சித்தி, பரிமாறிக்கொண்டே. வாரத்தில் ஒருநாளாவது சொல்வார். "என் அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்தது. ஒண்ணு வார்னிஷ் போடப் போச்சு. பதினோரு வருஷமா காயுது."

"அந்த ஆசாரி கடையை மாத்திட்டான்னு சொன்னேனே," என்றார் சித்தப்பா.

"கடையை மாத்தினான், சரி. நாற்காலியை எங்க மாத்தினான்?"

"சோறு போடு."

குழு கூடியது. அக்கா உறுப்பினர் அல்ல. உறுப்பினராக ஒரு வருடமாவது இங்கே வேலை செய்திருக்க வேண்டும். அதனால் அவரை நிரந்தர அழைப்பாளர் ஆக்கினார்கள். கூட்டம் மாடியில் நடந்தது. அழைப்பைக் கீழே கொடுத்தார்கள். மாடிக்குப் படிதான் உண்டு.

ஆணையர் நல்ல மனிதர். இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எல்லாவற்றிலும் ஆர்வம் உண்டு. "ஒரு உறுதிமொழி எடுக்கலாம்," என்றார். "வரவேற்பறையில பெரிய போஸ்டர் வைக்கலாம். நம்ம புது அம்மா படத்தைப் போட்டு."

"அவங்களுக்கு மேசைக்குப் போக வழி வேணும் சார்," என்று நான் சொன்னேன். மனதுக்குள் உரக்கத்தான் சொன்னேன். வெளியே, "அவங்களுக்கு..." வரை வந்தது.

"என்னம்மா?"

"போஸ்டர்..." என்றேன். எழுதிக்கொண்டேன்.

மேலாளர் அம்மாதான் விஷயத்துக்கு வந்தார். முப்பத்து மூன்று வருட அனுபவம். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "சார், அந்த நாற்காலியை ஸ்டோர் திரும்ப எடுத்தா வேலை முடிஞ்சுது. ஊழியர் தன் சொந்த நாற்காலியிலயே இருக்கார்னு ஒரு குறிப்பு எழுதிடலாம். ஆனா அதுக்கு முன்னுதாரணம் வேணும்."

"முன்னுதாரணம் இருக்கா?" என்று ஆணையர் கேட்டார்.

"இந்த ஆபீஸ்ல யாரும் சொந்த நாற்காலியில உட்கார்ந்ததா எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். சித்தப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"முன்னுதாரணம் இல்லன்னா?"

"இல்லன்னா நாம முதல்ல செஞ்ச ஆளாயிடுவோம் சார்," என்றார் மேலாளர் அம்மா. ஆணையர் பின்னால் சாய்ந்துகொண்டார். அலுவலகத்தில் முதலில் செய்யும் ஆளாக இருக்க எவருக்கும் விருப்பமில்லை.

போஸ்டர் மூன்றே நாளில் வந்தது. அக்கா கவுண்டருக்கு வெளியே சிரித்தபடி இருக்கும் படம். கீழே, 'இங்கே அனைவருக்கும் இடமுண்டு.' அது நடைபாதையில் பாதியை அடைத்தது. அக்கா இன்னும் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார்.

சித்தப்பா கல் நெஞ்சக்காரர் அல்ல. பதிவேடு மடியிலிருந்து நழுவி விழுவதையும் அக்கா கம்பியால் இழுத்து எடுப்பதையும் அவர் தினமும் நான்கரைக்குப் பார்த்தார். முப்பது நாளில் கடைசி வாரம் வந்தது. அந்தப் புதன்கிழமை மதியம் கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவுடன் வந்தார்.

"அம்மா, பின்னால ஒரு சின்ன அடையாளம் வைக்கிறேன். அசையாம இருங்க."

அக்கா ஒரு இரட்டைக் குழந்தைக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தார். "வைங்க சார்," என்றார். எதற்கென்று கேட்க நேரமில்லை. சித்தப்பா இரும்பு நாற்காலியின் எண்ணைச் சுரண்டி எடுத்தார். அதைத் தூக்கிப்போய் ஸ்டோரில் சாக்குக்குள் மறைத்தார். எண் இல்லாத நாற்காலி எண்ணிக்கையில் வராது. பிறகு கையை நீட்டி வழிகாட்டி, "உள்ள போங்கம்மா," என்றார்.

அக்கா உள்ளே போனார். இருபுறமும் நான்கு சென்டிமீட்டர். மேசையில் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தார். மேசை அவருக்குப் புதிதாக முளைத்தது போல அதைத் தடவினார். அன்று மதியம் முப்பத்தெட்டுச் சான்றிதழ்கள் போயின. ஒருவர்கூட எனக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்குச் சித்தப்பா பேருந்துக்குப் போய்விட்டார். ஐந்தரைக்கு அக்கா கிளம்பினார். வாட்ச்மேன் அண்ணன் வணக்கம் வைத்தார். அக்கா தாண்டியதும் முதுகுப் பக்கம் பார்த்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். பின்னால நம்பர் இருக்கு."

"என்ன நம்பர்?"

"அறுபத்து நாலு. நகராட்சிப் பொருள். வெளிய போகணும்னா ஸ்டோர்கீப்பர் கையெழுத்து போட்ட சீட்டு வேணும்."

"அண்ணே, காலையில இதுலதானே வந்தேன்? நீங்கதானே வண்டியெல்லாம் நகர்த்தினீங்க?"

"காலையில நம்பர் இல்லையேம்மா."

"அப்ப நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?"

"நீங்க தாராளமா போகலாம். உங்களை யாரு தடுத்தா? நாற்காலிதான் போகக் கூடாது."

அக்கா அவரையே பார்த்தார். அண்ணன் தான் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"யோசிக்கிறேன்," என்றார்.

நான் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினேன். அசிட்டோன் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்தேன். பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. மண்டியிட்டுத் துடைத்தேன். ஆறு சுலபமாகப் போனது. நான்குதான் போக மறுத்தது. சித்தப்பா எழுதும் 4-க்குக் கீழே நீளமாக, இடப்பக்கம் வளைந்த ஒரு வால் இருக்கும். பூனை வால் போல.

"என் கால்ல நம்பர் போட்டுட்டுப் போயிருக்கார் உன் சித்தப்பா," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வாசலைத் தாண்டியபின் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பேருந்தில் சித்தப்பா என் விரல்களைப் பார்த்தார். நகத்தில் வெள்ளை.

"குட்டி, அழிச்சியா?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன். அதற்குள் பாலம் வந்துவிட்டது.

"அழிச்சீங்களா?"

"ஆமா சார்."

பத்து மணிக்கு இரும்பு நாற்காலி, முதுகில் மறுபடியும் 64 என்ற எண்ணுடன், பழைய இடத்தில் இருந்தது. அக்கா நடைபாதையில் இருந்தார். நாளை வெள்ளிக்கிழமை. கடைசி நாள்.

அசிட்டோன் தீர்ந்திருந்தது. புதிது கேட்டுச் சீட்டெழுதிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. சித்தப்பா உள்ளே இல்லை. மேசையில் சீட்டை வைக்கும்போது பேனா விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அவருடைய நாற்காலியின் கால்கள் கண்ணுக்கு நேரே இருந்தன. மரக் கால்கள். அலுவலகத்தில் மற்ற எல்லாமே இரும்பு. முதுகைப் பார்த்தேன். 47. மற்ற எண்கள் எல்லாம் அச்சுத் தகடு வைத்துப் போட்டவை. இதில் மட்டும் 4-க்குப் பூனை வால்.

அடிப்பக்கம் தடவிப் பார்த்தேன். அங்கே ஒரு கிளி இருந்தது. பென்சில் டப்பாவுடன் இலவசமாக வந்த ஒட்டுப்படம். நான் நான்காம் வகுப்பில் ஒட்டியது.

வார்னிஷ் போடப் போன நாற்காலி.

மேலாளர் அம்மாவிடம் நாற்பத்தேழைப் பற்றிக் கேட்டேன். கேட்கக் கால்மணி நேரம் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நாற்பத்தேழா? அது உங்க சித்தப்பாவோட உயிரை எடுத்த நம்பராச்சே," என்றார். "ஏதோ கூட்டத்துக்கு முப்பது நாற்காலி போச்சு. இருபத்தொன்பது திரும்பி வந்துது. மனுஷனுக்கு மெமோ குடுத்தாங்க. ஊரெல்லாம் தேடினார். திருடன்னு ஒருத்தன் முகத்துக்கு நேராவே சொன்னான். நாலாம் நாள், 'கிடைச்சிடுச்சு'ன்னு சொன்னார். பதிவேட்டுல நாற்காலின்னுதானே இருக்கு, மரமா இரும்பான்னு இல்லையே. நாங்களும் எதுவும் கேக்கல. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த நாலரை மணி எண்ணிக்கை."

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்:

"சித்தப்பா, வார்னிஷ் காய எவ்வளவு நாளாகும்?"

சித்தப்பாவுக்குப் புரையேறியது. சித்தி தலையில் தட்டினார். "கேளுடி, நல்லா கேளு," என்றார்.

கை கழுவும் இடத்தில் சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினார்.

"பார்த்துட்டியா?"

தலையாட்டினேன்.

"எனக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் சர்வீஸ் குட்டி. பதினோரு வருஷமா ஒண்ணுகூடக் குறையல. ஸ்டோர்கீப்பர்னா எண்ணிக்கை தப்பாதுன்னு ஒரு பேர். அது ஒண்ணுதான் சம்பாதிச்சேன்."

நான் குழாயை மூடினேன். தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கீழே பரிசோதனைக் கூடத்தில் வைக்கலாமா என்று ஒரு சீட்டில் எழுதி ஆணையருக்கு அனுப்பியிருந்தேன். 'சரி' என்று வந்தது. எழுதிக் கேட்டால் எனக்கு நிறையக் கிடைக்கும் போலிருக்கிறது. அறையில் என்னுடைய நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதனால் அவரவர் நாற்காலியை அவரவரே கொண்டுவந்தார்கள். ஆணையருடையதை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அக்கா தன்னுடையதில் வந்தார். சித்தப்பா வெறுங்கையுடன் வந்து குடுவை அலமாரியோரம் நின்றார்.

"உங்க நாற்காலி எங்க?" என்றார் ஆணையர்.

"நின்னுக்கிறேன் சார்."

"உள்ளடக்கக் குழுவுல ஒருத்தர் நிக்கலாமா?"

"இடுப்புக்கு நல்லது சார்."

மேலாளர் அம்மா வரைவைப் படித்தார். அழகாக எழுதியிருந்தார். அக்காவின் உழைப்பைப் பாராட்டி ஆறு வரி. போஸ்டரைப் பற்றி இரண்டு வரி. கடைசியில், "இருப்பினும் இடவசதி இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

"'ஆழ்ந்த வருத்தம்'னு போடுங்க," என்றார் ஆணையர்.

"போன ஆபீஸ்லயும் ஆழ்ந்ததுதான் சார்," என்றார் அக்கா. "அதுக்கு முந்தின ஆபீஸ்ல மட்டும் வெறும் வருத்தம்."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. சக்கரத்தின் மேல் இருந்த கை மட்டும் அதை முன்னும் பின்னும் இலேசாக உருட்டிக்கொண்டிருந்தது. புறப்படுவதற்கு முன் உருட்டிப் பார்ப்பது போல.

"வேற வழியே இல்லையா?" ஆணையர் கேட்டார்.

"முன்னுதாரணம் இருந்தா உண்டு சார்."

நான் கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். செயலாளர் எழுதிய குறிப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். புதுத் தாள் எடுத்தேன். 'ஊழியர் தம் சொந்த நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவது பற்றி' என்று எழுதினேன். அடுத்த வரியில், 'முன்னுதாரணம்:' என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் இரண்டு வரி இடம் விட்டேன். எழுந்து போய்த் தாளைச் சித்தப்பாவிடம் முதலில் நீட்டினேன்.

சித்தப்பா படித்தார். வெற்று இடத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் நாற்காலியின் முதுகைப் பார்த்தார். அழியாத பூனை வால் கொஞ்சம் அங்கே இன்னும் ஒட்டியிருந்தது.

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு அதைக் காதிலேயே செருகிவிட்டு, "பேனா குடுங்க," என்றார்.

எழுதினார். தாள் ஆணையரிடம் போனது. ஆணையர் வாய்விட்டுப் படித்தார்.

"முன்னுதாரணம்: ஸ்டோர்கீப்பர். வீட்டு நாற்காலி. பதினோரு வருடம். எண் 47 காணாமல் போனது போனதுதான். கிடைக்கவில்லை." நிமிர்ந்தார். "என்னங்க இது?"

"உண்மை சார்."

"பதினோரு வருஷமா நீங்க வீட்டு நாற்காலியிலயா உட்கார்ந்திருக்கீங்க?"

"ஆமா சார்."

"வசதியா இருக்கா?"

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. சித்தப்பா யோசித்தார். "நல்ல தேக்கு சார். மாமனார் வாங்கிக் குடுத்தது," என்றார்.

மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தன் அழகான வரைவை எடுத்து இரண்டாக மடித்தார். அவர் எழுதிய ஒன்றை அவரே மடித்து நான் பார்த்ததில்லை. "பதினோரு வருஷ முன்னுதாரணம் சார். இதைவிட உறுதியா ஒண்ணு தலைமை ஆபீஸ்லயே கிடையாது," என்றார்.

"அப்ப நாம முதல்ல செய்யற ஆளு இல்லையே?"

"இல்லவே இல்ல சார். நாம ரெண்டாவது."

ஆணையர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். 'இடவசதி உள்ளது.' அக்கா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். 'வருத்தம்' எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாரோ என்னவோ.

"சார்," என்று சித்தப்பாவைப் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த இரும்பு நாற்காலியை எடுத்துட்டுப் போறீங்களா? உள்ள போகணும்," என்றார்.

"இதோம்மா."

மணி நான்கரை. அன்றும் எண்ணினார். பதிவேட்டில் அளவுகோல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் இழுத்தார். தலைப்பில் 'சொந்தம்' என்று எழுதி, கீழே 2 என்று போட்டார். நாற்பத்தேழுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார். எழுதியபின் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவருக்கு மெமோ வந்தது. எண் 47 எங்கே, ஏழு நாளில் விளக்கம் தரவும். மேலாளர் அம்மாவே கொண்டுவந்து கொடுத்தார். "கவலைப்படாதீங்க. நீங்க பதில் எழுதி, அது மேல போய், கேள்வியா திரும்பி வர ஏழு மாசம் ஆகும். உங்களுக்கு அஞ்சு மாசம்தானே பாக்கி?" என்றார். சித்தப்பா நான்கு பக்கம் பதில் எழுதினார். வாசித்துக் காட்டினார். திருடன் என்று சொன்னவனுக்கு மட்டுமே ஒரு பக்கம். அவர் அவ்வளவு உற்சாகமாக எதையும் எழுதி நான் கண்டதில்லை.

திரும்பி வந்த அறுபத்து நான்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். இரும்பு முதுகில் குத்துகிறது என்று இன்றுவரை புலம்புகிறார். 'சொந்தம்' கட்டத்தில் இப்போது 1 தான். பரவாயில்லையாம். முன்னுதாரணம் ஒருமுறை தாளில் ஏறிவிட்டால் போதும், பிறகு அது வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் அம்மா சொல்லிவிட்டார்.

தேக்கு நாற்காலியை நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். வாட்ச்மேன் அண்ணன் முதுகைப் பார்த்தார்.

"சார், நம்பர் இருக்கு. நகராட்சிப் பொருள்."

"யோவ், இது என் வீட்டு நாற்காலிய்யா."

"நீங்க தாராளமா போங்க சார்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா வீட்டுக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தார். "உங்களை யாரு தடுத்தா? நாற்காலிதான் போகக் கூடாது."

சித்தப்பா முதலில் முறைத்தார். பிறகு சிரித்தார். எண்ணிக்கை சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு. நான் அசிட்டோன் எடுக்கப் போனேன். ஏழு உடனே போனது. நான்கின் வாலைத் தேய்க்கத் தேய்க்க அது மரத்தின் நிறத்திலேயே தங்கிவிட்டது. அண்ணன் கூர்ந்து பார்த்துவிட்டு, வால் மட்டும் எண் ஆகாது என்று விட்டுவிட்டார்.

வீட்டில் சித்தி வாசலிலேயே நின்றார். நாற்காலியைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். கையால் கைப்பிடியைத் தடவி, முதுகைத் தடவி, குனிந்து கால்களையும் தடவினார்.

"பதினோரு வருஷம்," என்றார். "அந்தப் பாவி வார்னிஷே போடல."